கோவேறு கழுதையும் வெண்ணெய் உருண்டையும்

செங்கல்பட்டில் ஸ்னோ விழுந்து யாராவது பார்த்ததுண்டா? ஆனாலும் எங்கள் ஊர் ஏழாம் வகுப்பு இங்கிலீஷ் நோட்டுகளில் வேட்டி, பால், கொக்கு எல்லாமே 'ஆஸ் வைட் ஆஸ் ஸ்னோ'தான். பிடிவாதக்காரன் என்றால் கோவேறு கழுதை. கழுதை தெரியும், அதென்ன சார் கோவேறு?

ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச் என்கிற இந்தப் பாடத்தில் முதல் அயிட்டம் சிமிலி. பாதி வகுப்பு அதை 'ஸ்மைல்' என்று படிக்கும். (யாருக்கும் வராது.) அடுத்த பீரியடில் தமிழய்யா வந்து உவமை அணி, உருவக அணி நடத்துவார். அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று இரண்டு பேருமே மூச்சு விடமாட்டார்கள். காலையில் பீச் லோக்கலில் புளிமூட்டை மாதிரி நசுங்கிக்கொண்டு போகிறோமே, அது சிமிலி. 'நாங்கள் புளிமூட்டைகள்' என்றால் மெட்டஃபர். அவ்வளவுதான் சமாசாரம்.

பக்கத்து வீட்டுப் பையன் போன மாசம் பரீட்சையில், பிடிவாதத்துக்கு மாமல்லபுரம் வெண்ணெய் உருண்டையை உவமையாக எழுதிவிட்டான். 1908-ல் கவர்னர் ஏழு யானைகளை விட்டு இழுத்தும் அசையவில்லை என்று சொல்வார்களே, அந்தப் பாறை. இதைவிடப் பிடிவாதம் ஏது? சிவப்பு மையில் முட்டை. நோட்ஸில் இல்லையாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. பொருளணிகளை 35 என்று வகை பிரித்துக் 'காவியாதர்சம்' எழுதிய தண்டி, பல்லவர் காலத்துக் காஞ்சிபுரத்துக்காரர். நம் தண்டியலங்காரம் அதைத் தழுவியதுதான். மாமல்லபுரம் கடலோரத்தில் பெருமாள் சிலையின் உடைந்த கையை ஒரு ஸ்தபதி ஒட்டவைக்க, ஒட்டு தெரிகிறதா என்று பார்க்கத் தண்டியே கிளம்பிப் போன கதை, அவருடைய 'அவந்திசுந்தரி கதை'யில் வருகிறது. இலக்கணம் எழுதினவரே நேரில் போய்ப் பார்த்தார். நமக்குத்தான் நோட்ஸ்!

ஞாயிற்றுக்கிழமை பையனைத் திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் கூட்டிப்போனேன். அர்ச்சுனன் தபசு. (பகீரதன் தபசு என்பாரும் உண்டு. ஒரே கல்லில் இரண்டு அர்த்தம், சிலேடை!) அதில் ஒரு பூனை, கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். ஐரனிக்கு இதைவிட நல்ல படம் எந்த இங்கிலீஷ் புஸ்தகத்திலும் கிடையாது.

பையன் உற்றுப் பார்த்தான்.

"அங்கிள், இந்தப் பூனை எங்க ஹெச்.எம். மாதிரியே இருக்கு."

"சபாஷ், சிமிலி."

"எங்க ஹெச்.எம். ஒரு பூனைன்னா?"

"மெட்டஃபர். ஸ்கூல்ல சொல்லிடாதே, டி.சி. குடுத்துடுவாங்க."

அடுத்த டெஸ்ட்டில் அதே கேள்வி வந்ததாம். பையன் சமர்த்தாகக் கோவேறு கழுதையையே எழுதிவிட்டான். ஒரு மார்க்.