கண்டித் தொடர்மாடிக்கு எந்த நாய்?

கண்டி நகரைச் சுற்றித் தொடர்மாடிகள் உயர்கின்றன. அவற்றில் குடியேறுவோர் நாய் வளர்க்கவும் விரும்புகிறார்கள். “கண்டி குளிர்தானே” என்று சைபீரியன் ஹஸ்கி வாங்குவோரும் உண்டு. சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள இந்நகரின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 24 பாகை செல்சியஸ். பனியில் வண்டி இழுக்க வளர்க்கப்பட்ட, அடர்ந்த ரோமமுள்ள நாய்க்கு இது வெக்கை. சிறியதென்று வாங்கப்படும் பக் நாயோ தட்டை மூக்கினால் வெயிலில் மூச்சுவிடத் திணறும்.

தவறான தெரிவு பல வேளைகளில் வீதியில் முடிகிறது. கட்டாக்காலி நாய்களைக் கொல்லும் முறையை அரசாங்கம் 2006இல் கைவிட்டது. அதன்பின் கருத்தடையும் தடுப்பூசியுமே வழி. அயலவர் முறைப்பாட்டுக்குப் பயந்து கைவிடப்படும் ஒவ்வொரு நாயும் அந்த முயற்சியைப் பலவீனமாக்குகிறது; தடுப்பூசி தவறினால் விசர்நாய்க்கடி அபாயமும் கூடுகிறது.

ஆகவே, கருத்தடை செய்யப்பட்ட, வளர்ந்த நாட்டு நாயொன்றைத் தத்தெடுப்பதே பலருக்குப் பொருத்தம். அது இக்காலநிலைக்குப் பழகியது. அதிகம் குரைக்குமா, பகலில் தனியே இருக்குமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். குட்டியிடம் இது தெரியாது.

அதற்கு முன் தொடர்மாடி முகாமைத்துவத்தின் விதிகளை வாசியுங்கள். 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி நாயைப் பதிவதும் கடமை. தடுப்பூசி பற்றிக் கேட்க பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலை அருகிலேயே இருக்கிறது. தினமும் காலையும் மாலையும் படியிறங்கி நடத்திச் செல்ல வீட்டில் ஆளில்லையென்றால், எந்த இனமும் வேண்டாம்.