கூடாரத்துக்குள் கரி அடுப்பு வேண்டாம்

இலையுதிர் காலத்தில் அல்கொன்குயின் மலைக்காடுகளைப் பார்க்க, மல்வேர்னிலிருந்து எம்மவர் பலர் வாகன வீடு எடுத்தும் கூடாரம் அடித்தும் தங்கி வருகின்றனர். நல்ல விடயம். ஆனால் இரவுக் குளிருக்காக, இறைச்சி வாட்டிய கரி அடுப்பை உள்ளே எடுத்து வைப்பது உயிருக்கே ஆபத்து. தணல் சாம்பல் பூத்த பின்னரும் காபன் மொனொக்சைட் வெளிவரும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலையிடி, குமட்டல் வந்தால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று படுத்துவிடுவோம். நித்திரையில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. யன்னலைச் சற்றுத் திறந்து வைப்பது போதாது.

எரிபொருள் சாதனங்கள் உள்ள வீடுகளில் இதற்கான எச்சரிக்கைக் கருவியை ஒன்ராறியோ 2014 இல் கட்டாயமாக்கியது. சட்டத்துக்காக வீட்டில் பூட்டிய நாம், பற்றரியில் இயங்கும் ஒன்றைப் பயணத்துக்கும் கொண்டு போகலாமே! அது ஒலித்தால் எல்லோரையும் எழுப்பி வெளியே வந்து 911 ஐ அழையுங்கள்.