எடுக்க முடியாத பணம்

மில் ஆபீசில் பி.எஃப். தாள்களை நிரப்பிக் கொடுப்பது என் வேலை. வேடசந்தூரைச் சுற்றியுள்ள நூற்பாலைகளில் இருபது, இருபத்தைந்து வருஷம் நின்றே உழைத்தவர்களுக்குக் கடைசியில் மாதம் எவ்வளவு வரும் என்பது எனக்கு மனப்பாடம். பென்ஷனுக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். பத்து வருஷம் கழிந்தும் அது ஏறவில்லை.

என் அப்பாவும் அந்த வரிசையில் நின்றவர்தான், ஸ்பின்னிங்கில் பிட்டர். அவருடைய பென்ஷன் இரண்டாயிரத்தைத் தொடாது. அவருக்குப் பின் அம்மாவுக்கு அதில் பாதி, ஆயிரத்துக்குக் குறையாமல்.

குடகனாற்றுப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. ஒரு காலத்தில் புகையிலை, பிறகு முருங்கை, பிறகு வெறும் வேலி. போர் வற்றியதும் விற்றோம். தங்கைகளுக்குக் கொடுத்தது போக 22 லட்சம் அப்பா, அம்மா கையில் நின்றது. அப்பாவுக்கு அப்போது 71, அம்மாவுக்கு 65.

பணம் வந்த வாரமே சொந்தத்தில் ஒரு மாமா வந்தார். ஏஜென்ட். நல்ல மனுஷன்தான். "மொத்தத்தையும் பென்ஷன் பிளான்ல போட்ருவோம் மாப்ள. மச்சான் பேர்ல பாலிசி, அக்கா நாமினி. முதல் எங்கயும் போகாது, கடைசில உங்களுக்கே வந்துரும்" என்றார். கேட்க இனித்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கொடுத்த திட்டத் தாளை எடுத்துப் படித்தபோதுதான் இரண்டு இடத்தில் இடறியது.

முதலாவது, நாமினி என்ற சொல். பாலிசி அப்பா ஒருவர் ஆயுளுக்கு என்றால், அவர் கண்ணை மூடியதும் மாதப் பணம் நின்றுவிடும். நாமினிக்கு மொத்தத் தொகை வரும். 70 வயதில், கணவன் போன துக்கத்தில் இருக்கும் பெண் கையில் ஒரே நாளில் லட்சக்கணக்கில் பணம். சுற்றி நாங்கள் இத்தனை பேர். அது அவள் கையில் எத்தனை மாதம் தங்கும் என்று நினைக்கிறீர்கள்? அம்மா நாமினியாக இருக்கக் கூடாது, பென்ஷன்காரியாகவே இருக்க வேண்டும். அதற்குக் கூட்டு ஆயுள் வகை இருக்கிறது. எல்.ஐ.சி. 2020 ஆகஸ்டில் கொண்டுவந்த ஜீவன் அக்ஷய் 7 திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் பத்து வகை. ஒன்றில் கணவருக்குப் பின் மனைவிக்குப் பாதி, இன்னொன்றில் முழுசு. பாதி என்ற வகையை யார் எதற்கு எடுக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. ஆள் ஒன்று குறைந்தால் வாடகையும் கரண்ட் பில்லும் மாத்திரையும் பாதியாகிவிடுமா?

இரண்டாவது இடறல்தான் பெரியது. 'முதல் திரும்பி வரும்' என்ற வகை. பத்து லட்சத்துக்குக் கூட்டு ஆயுளில், முதல் திரும்பாத வகையில் மாதம் ஆறாயிரத்துச் சொச்சம் என்றால், திரும்பும் வகையில் அதைவிட ஏறக்குறைய தொள்ளாயிரம் குறைவு. அந்தத் தொள்ளாயிரத்தை மாதாமாதம் விடுவது யார்? அப்பாவும் அம்மாவும். அதன் பலன் யாருக்கு? அவர்கள் போன பிறகு எங்களுக்கு. பெற்றவர்கள் பால் பாக்கெட்டிலும் பிரஷர் மாத்திரையிலும் மிச்சம் பிடித்துப் பிள்ளைகளுக்குச் சேர்த்துவைக்கும் திட்டத்துக்கு 'பாதுகாப்பு' என்று பெயர். வாங்கிக் கொடுப்பதும் பிள்ளைகள்தான், அதுதான் வேடிக்கை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி: "ரெண்டு வருஷத்துல ரெண்டு பேரும் போய்ட்டா பத்து லட்சமும் கம்பெனிக்காரனுக்கா?" ஆமாம், அவனுக்குத்தான். அதை மறைக்கக் கூடாது. சீக்கிரம் போகிறவர்கள் விட்டுப்போன பணமும் சேர்ந்துதான் தொண்ணூறு வரை இருப்பவருக்குப் படியளக்கிறது. எங்கள் பாட்டி 94 வரை இருந்தாள். கடைசிப் பத்து வருஷம் யார் வீட்டில் சோறு என்பதில் எத்தனை பஞ்சாயத்து நடந்தது என்று அப்பாவுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் அந்தத் தாளில் இருந்தது, சின்ன எழுத்தில். முதல் திரும்பும் வகைகளில் மட்டும் மூன்று மாதத்துக்குப் பிறகு கடன் வாங்கலாம், சரண்டர் செய்யலாம். மற்றவற்றில் முடியாது. மாமா அதை வசதி என்றார். எனக்கு அது ஓட்டை. வேடசந்தூரில் வயசானவர் கையில் பணம் இருப்பது ஊருக்கே தெரியும். மருமகனுக்குத் தறி, பேரனுக்குப் பைக், பக்கத்து வீட்டில் ஏலச்சீட்டு. என் அப்பாவுக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. அவருக்காக ஒரு தாள் அதைச் சொல்ல வேண்டும்.

ஆனால் 22 லட்சத்தையும் அதில் போட நான் விடவில்லை. அந்த மாதத் தொகை சாகும்வரை ஏறாது, விலைவாசி ஏறும். பத்து லட்சம் மட்டும் கூட்டு ஆயுளில், முழுசும் அம்மாவுக்குத் தொடரும்படி, முதல் திரும்பாமல். ஒன்பது லட்சம் போஸ்ட் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்பு, இருவர் பெயரிலும். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 18,450 ரூபாய். மிச்சம் மூன்று லட்சம் பேங்கில், ஆஸ்பத்திரிக்கு. சேமிப்புத் திட்டம் ஐந்து வருஷம்தான், அப்புறம் நீட்டிக்கும்போது வட்டி எப்படி இருக்குமோ. அதனால்தான் ஆயுளுக்கும் மாறாத ஒரு பங்கு வேண்டியிருந்தது.

அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு எதுக்குப்பா பென்சனு, நீங்கல்லாம் இருக்கீங்கள்ல?" என்றாள். பதில் சொல்லாமல் பேங்குக்குக் கூட்டிப் போய் அவள் பெயரில் தனிக் கணக்கு தொடங்கினேன். கைநாட்டு எந்திரத்தில் அவள் விரலை மூன்று முறை வைத்தும் ஏறவில்லை. வருஷக்கணக்கில் புகையிலை கோத்த விரல், ரேகை தேய்ந்துபோய் வழவழவென்று இருந்தது. இப்போது ஆயுள் சான்றுக்கு முகத்தைக் காட்டினாலும் போதும் என்று வந்துவிட்டது, நல்லதாயிற்று. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற விதியை மாமா அப்பாவிடம் நாலு தடவை சொல்லிப் பார்த்தார். அப்பா கொடுக்கவில்லை.

போன ஜூனில் என் மகளுக்குக் காலேஜ் ஹாஸ்டல் கட்ட வேண்டியிருந்தது. ஒன்றரை லட்சம் குறைந்தது. சாயங்காலம் அப்பா திண்ணையில் இருந்தார். சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"பேங்க்ல கெடக்குறது ஒங்கம்மா ஆஸ்பத்திரிக்கு. பாலிசில உள்ளத எடுக்க முடியாதுன்னு நீதானப்பா சொன்ன."