வைக்கோலும் தெர்மாகோலும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் பழைய சாலை, சித்தூரைத் தாண்டி மொகிலி மலைப்பாதையில் ஏறிப் பலமனேரை அடைகிறது. ஊருக்கு ரயில் கிடையாது. சரக்கு வருவதும் போவதும் லாரியில்தான். அந்தச் சாலையில் இரண்டு வகைச் சரக்குகள் எதிரெதிராகப் பயணம் செய்கின்றன. பலமனேர் வட்டாரக் குயவர்கள் செய்யும் சுடுமண் ஜாடிகளும் பொம்மைகளும் நகரங்களுக்குப் போகின்றன. நகரங்களில் செய்த சின்னச் சின்ன இயந்திரங்கள் பலமனேருக்கு வருகின்றன. மண் உடையும், இரும்பு தாங்கும் என்பது பொது அறிவு. ஆனால் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது கணக்கு தலைகீழாவது உண்டு. ஜாடி முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்கும். இயந்திரத்தின் காதுப்பகுதி விரிசல் விட்டிருக்கும்.

இதற்கு விதியை நோகவேண்டியதில்லை. கட்டிய கைகளைப் பார்த்தால் போதும்.

குயவர் ஜாடி கட்டுவதை நின்று கவனித்துப் பாருங்கள். ஒரு ஜாடி இன்னொன்றின்மேல் படக்கூடாது என்பது முதல் பாடம். இரண்டுக்கும் நடுவில் வைக்கோல். ஜாடியின் வயிற்றுக்குள்ளும் வைக்கோல். கனமானவை அடியில், லேசானவை மேலே. பொம்மையின் மூக்கு, காது, துதிக்கை போன்று துருத்திக்கொண்டு நிற்கும் பாகங்களுக்குத் தனியாக ஒரு சுற்று. கட்டி முடித்ததும் மூட்டையை ஒரு குலுக்கு குலுக்கிக் காது கொடுத்துக் கேட்கிறார். உள்ளே சத்தம் வந்தால் மறுபடி பிரிக்கிறார். வைக்கோலின் தண்டு உள்ளீடற்றது. அழுத்தினால் அமுங்கும், விட்டால் ஓரளவு எழும்பும். இதை அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. உடைந்த ஜாடிக்குக் கடைக்காரர் காசு தரமாட்டார் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அந்தப் படிப்பே போதுமானதாக இருக்கிறது.

இப்போது எதிர்த் திசையில் வரும் பெட்டியைத் திறப்போம். பாக்கு மட்டைத் தட்டு செய்வதற்கான கை பிரஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுயதொழில் தொடங்குகிறவர் கடன் வாங்கி வரவழைக்கும் வகை இயந்திரம். வார்ப்பிரும்புச் சட்டம், நீளமான கைப்பிடி, மேலும் கீழும் பொருந்த வேண்டிய அச்சுகள், ஒரு ஸ்பிரிங், ஒரு கை நிறைய போல்ட்டும் நட்டும். வெளியே அட்டைப்பெட்டியில் வண்ண வண்ணமாக இயந்திரத்தின் படம். உள்ளே இரண்டு தெர்மாகோல் துண்டுகள். வழியிலேயே அவை நொறுங்கிப் பொடியாகி எல்லா இடுக்கிலும் புகுந்திருக்கும். போல்ட்டுகள் இருந்த பிளாஸ்டிக் பை கிழிந்து, இரண்டு நட்டுகள் காணாமல் போயிருக்கும். அச்சின் ஓரத்தில் கைப்பிடி இடித்த தடம் இருக்கும்.

வார்ப்பிரும்பைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். அது அழுத்தத்தை அசாத்தியமாகத் தாங்கும். ஆனால் இழுவையையும் திடீர் அடியையும் தாங்காது. எஃகைப்போல் வளைந்து கொடுக்காமல் சட்டென்று உடையும். சுடுமண்ணின் குணமும் ஏறக்குறைய இதுதான். ஆக, வார்ப்பிரும்பு என்பது இரும்பு வேஷம் போட்ட மண்பாண்டம். கனம் அதிகம் என்பதால் அதற்குத் தன் எடையே எதிரி. 25 கிலோ பெட்டி லாரியிலிருந்து இடுப்பு உயரத்தில் நழுவினால், அந்த வேகம் முழுவதையும் ஏதாவது ஒரு முனைதான் வாங்கிக்கொள்ள வேண்டும். அட்டை வாங்காவிட்டால் இயந்திரம் வாங்கும்.

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஈடுபடுகிறவர்களில் பலர், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். அதற்கும் ஒரு கை பிரஸ் இருக்கிறது. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம் என்பதால் அந்தப் பிரஸ் நமக்குப் பரிச்சயமில்லை. ஆனால் அதை வாங்குகிறவரின் கவலை நமக்குப் புரியும். மேலே ஏறும் தண்டும் அதற்கு நேர் மேலிருக்கும் அச்சும் ஒரே கோட்டில் இருந்தாக வேண்டும். வழியில் பட்ட அடியில் அது மயிரிழை விலகினாலும் தோட்டா சரியாக வராது. அதனால் புதுப் பெட்டியின் மூலைகள் நசுங்கியிருக்கின்றனவா, கனமான சட்டம் உள்ளே ஆடியிருக்கிறதா என்பதெல்லாம் அங்கே அழகு பற்றிய கேள்விகள் அல்ல. பலமனேரில் தட்டு பிரஸ் வாங்குகிறவருக்கும் அப்படித்தான். அச்சு கோணலானால் தட்டின் விளிம்பு கிழியும். கிழிந்த தட்டை யாரும் வாங்கமாட்டார்கள். கடனுக்கான தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும்.

அட்டைப்பெட்டியின் சரித்திரத்திலும் வைக்கோலுக்கு இடமிருக்கிறது. நெளிநெளியான காகிதத்துக்கு 1856இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர்கள் அதைத் தொப்பிக்கு உள்வரியாகத்தான் நினைத்தார்கள். 1871இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜோன்ஸ், பாட்டில்களையும் விளக்குக் கண்ணாடிகளையும் அதில் சுற்றி அனுப்பலாம் என்று காப்புரிமை பெற்றார். வைக்கோலும் மரத்தூளும் செய்துகொண்டிருந்த வேலையைக் காகிதம் எடுத்துக்கொண்டது. குமிழி பிளாஸ்டிக் உறையின் கதையும் வேடிக்கையானது. 1957இல் நியூஜெர்சியில் இரண்டு பேர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் செய்யப்போய் அது கிடைத்தது. கம்ப்யூட்டர்களைப் பத்திரமாக அனுப்பப் பயன்பட்ட பிறகுதான் அதற்கு மவுசு வந்தது. பெட்டியும் உறையும் பொருளைக் காப்பாற்றப் பிறந்தவை. பொருளை விளம்பரப்படுத்துவது பிறகு சேர்ந்த வேலை. இன்று பல பெட்டிகள் இரண்டாவது வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்கின்றன.

நல்ல பெட்டியை எப்படி அடையாளம் காண்பது? ஐந்து கேள்விகள் போதும். குலுக்கினால் உள்ளே ஏதாவது ஆடுகிறதா? கனமான பாகமும் நுட்பமான பாகமும் தனித்தனி அறைகளில் இருக்கின்றனவா? பெட்டியின் எடைக்கேற்ற அட்டையா? சின்னச் சாமானுக்குப் போதுமான மூன்றடுக்கு அட்டையில் வார்ப்பிரும்பை வைப்பது அதைத் தெருவில் விடுவதற்குச் சமம். ஐந்தடுக்கோ ஏழடுக்கோ வேண்டும். அடியில் மரப்பலகை வைத்து இயந்திரத்தைப் போல்ட் போட்டு இறுக்கினால் இன்னும் நல்லது. துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவிக் காகிதம் சுற்றியிருக்கிறதா? உள்ளே என்னென்ன இருக்கவேண்டும் என்ற பட்டியல் இருக்கிறதா? கடைசிக் கேள்வியைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். பட்டியல் இல்லையென்றால், காணாமல் போன நட்டு முதலிலேயே வைக்கப்படவில்லையா, வழியில் விழுந்ததா என்று யாராலும் சொல்லமுடியாது.

பெட்டியின்மேல் கண்ணாடிக் கோப்பை, குடை, மேல்நோக்கிய அம்பு ஆகிய படங்களை அச்சடித்தால் கடமை முடிந்தது என்று நினைக்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. நாற்பதாவது மூட்டையை முதுகில் சுமக்கும் தொழிலாளி படம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். பிடிக்க இடமும், எத்தனை கிலோ என்று பெரிய எழுத்தில் எண்ணும் இருந்தால் அவர் ஜாக்கிரதையாகத் தூக்குவார். மும்பையில் 1966இல் தொடங்கிய இந்தியப் பேக்கேஜிங் நிறுவனத்தில், சரக்கைப் பெட்டியோடு கீழே போட்டும் அதிரவைத்தும் மேலே பாரம் ஏற்றியும் சோதிக்கிறார்கள். சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு. எல்லோரும் அங்கே போகவேண்டும் என்பதில்லை. தன் பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து ஒருமுறை கீழே போட்டுப் பார்க்க எந்தப் பட்டறைக்கும் செலவில்லை.

சிறு உற்பத்தியாளர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. மரச்சட்டம் அடித்தால் விலை ஏறும், எடை ஏறும், லாரி வாடகை ஏறும். போட்டிக்காரர் நூறு ரூபாய் குறைத்து விற்றால் வாடிக்கையாளர் அங்கே போய்விடுவார். உண்மைதான். ஆனால் அவரால் பெட்டியில் மிச்சம் பிடிக்க முடிவதன் உண்மையான காரணம் அவருடைய பில்லின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது: சரக்கு எங்கள் இடத்தைவிட்டுக் கிளம்பியபின் நாங்கள் பொறுப்பல்ல. லாரி ஆபீஸ் ரசீதில் இன்னொரு வரி: உரிமையாளர் பொறுப்பில். இரண்டையும் சேர்த்துப் படித்தால், அடிபட்ட இயந்திரத்துக்குப் பலமனேரில் பெட்டியைத் திறக்கிறவர் மட்டுமே பொறுப்பு. உடைந்தால் தன் காசு போகும் என்பதால் குயவர் வைக்கோலைத் தாராளமாக வைக்கிறார். உடைந்தால் அடுத்தவர் காசு போகும் என்பதால் தெர்மாகோல் இரண்டு துண்டோடு நின்றுவிடுகிறது.

அந்தச் சின்ன எழுத்துகளே கடைசி வார்த்தை அல்ல. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், வாங்குகிறவர் பொருளைப் பரிசோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது. 2007ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, லாரி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர நினைப்பவர், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அப்படிக் கொடுத்தாலும், அதிக அபாயக் கட்டணம் செலுத்தாதவருக்கு நிறுவனத்தின் பொறுப்பு பொதுவாக வாடகையைப்போல் பத்து மடங்குதான். அறுநூறு ரூபாய் வாடகை என்றால் ஆறாயிரம். விலையுயர்ந்த இயந்திரம் வாங்குகிறவர் பதிவு செய்யும்போதே இதை யோசிக்கவேண்டும்.

நுகர்வோர் சட்டம் இன்னும் நெருக்கமாக உதவும். வியாபாரத்துக்காக இயந்திரம் வாங்கினால் நுகர்வோர் ஆகமுடியாது என்று பலர் பயமுறுத்துவார்கள். சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கியிருந்தால் அவரும் நுகர்வோர்தான் என்ற விளக்கம் 1993இலேயே சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1995இல் லக்ஷ்மி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவுபடுத்தியது: தானே உட்கார்ந்து தட்டச்சு செய்து பிழைக்க டைப்ரைட்டர் வாங்குகிறவர் நுகர்வோர், வேறொருவரை வைத்து ஓட்டுவதற்காகவே இயந்திரம் வாங்குகிறவர் அல்ல. 2019ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த விளக்கத்தை வைத்திருக்கிறது. கூடவே ஒரு நல்ல மாற்றம். விற்றவர் இருக்கும் ஊருக்கு அலையாமல், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பலமனேர்க்காரருக்குச் சித்தூர் போதும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணமும் இல்லை. முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

எதற்கும் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி பெட்டிதான். ஆகவே புதுச் சாமான் வந்த சந்தோஷத்தில் கிழித்தெறியாதீர்கள். பெட்டியை நாலாபுறமும் படம் எடுங்கள். நசுங்கியிருந்தால் கையெழுத்துப் போடும் முன் ரசீதிலேயே, “பெட்டி நசுங்கிய நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது” என்று எழுதுங்கள். லாரி ஆபீஸ்காரர், “எல்லாம் நல்லாத்தாண்ணா இருக்கும், சைன் பண்ணுங்க” என்பார். நல்லாயிருந்தால் எழுதுவதில் அவருக்கு நஷ்டமில்லை. இயந்திரம் ஒரு வாரம் ஒழுங்காக ஓடும்வரை அட்டையும் தெர்மாகோலும் பரண்மேல் இருக்கட்டும்.

அதற்குப் பிறகு அந்தத் தெர்மாகோலை என்ன செய்வது என்பது தனிப் பிரச்சினை. ஊர்க்கோடியில் எரித்தால் கரும்புகை. சாக்கடையில் போட்டால் அடைப்பு. 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு விதிகள், அந்தக் கழிவைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைக்கின்றன. பலமனேர் வரைக்கும் யாரும் வந்து கேட்டு வாங்கிப்போகும் நாள் வரட்டும். குயவரின் ஜாடியைச் சுற்றிவந்த வைக்கோலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பிரித்துப் போட்டால் மாடு தின்றுவிடும்.