இரண்டு சம்பளம், ஒரு கூரை

கலியாணமாகிக் குடித்தனம் தொடங்கும் இளந்தம்பதிகள் முதலில் போடும் கணக்குகளுள் ஒன்று, இருவர் சம்பாத்தியத்தையும் கூட்டி, அதில் எத்தனை பங்கை வீட்டு வாடகைக்குக் கொடுக்கலாம் என்பது. மூன்றில் ஒரு பங்கு என்று யாரோ சொன்னதை எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பங்கின் பூர்வ சரித்திரத்தை விசாரித்தால் சற்று விநோதமாக இருக்கிறது. அமெரிக்காவில் அரசாங்க வீடுகளில் குடியிருந்த ஏழைகளிடம், அவர்கள் வருமானத்தில் நூற்றுக்கு 25-க்கு மேல் வாடகை வாங்கலாகாது என்று 1969-இல் வரம்பு கட்டினார்கள். 1981-இல் அது 30 ஆயிற்று. வசூலிப்பவனைத் தடுப்பதற்காக ஏற்பட்ட வரம்பை, இவ்வளவு வரை தாராளமாகக் கொடுக்கலாம் என்று கொடுப்பவனுக்குக் கிடைத்த அநுமதியாக நாம் வாசித்துக்கொண்டோம்.

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய ஊர்களில் இந்தக் கணக்கு எப்படிப் பிசகுகிறது என்று பாருங்கள். கஞ்சிக்கோட்டில் கணவன் கான்ட்ராக்ட் தொழிலாளி. மனைவி கோயம்புத்தூரில் ஒரு கடையிலோ கம்பெனியிலோ வேலை செய்கிறாள். வாளையாருக்கு இப்பால், கேரளப் பக்கத்தில், வாடகை குறைவு என்று வீடு எடுக்கிறார்கள். ஆனால் சீசன் டிக்கெட்டையும், ஸ்டேஷனிலிருந்து இரவில் வீடு திரும்பும் ஆட்டோக் கூலியையும், பிரயாணத்தில் போகிற மணி நேரங்களையும் ஒருவரும் வாடகையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. அதைவிடப் பெரிய பிசகு ஒன்றுண்டு. அட்வான்ஸ் பேசும்போது இரண்டு சம்பளம் இருந்தது. பதினொரு மாத ஒப்பந்தம் முடிவதற்குள் ஒரு குழந்தை பிறக்கலாம், மாமியார் படுக்கையில் விழலாம், கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாமல் போகலாம். சம்பளங்களில் ஒன்று நின்றுவிடும், வாடகை நிற்பதில்லை. ஆகவே, இருவரில் எவருடைய வேலை அதிக ஸ்திரமானதோ அவருடைய சம்பளத்தை மட்டும் வைத்து வாடகையை நிர்ணயிப்பதே உசிதம் என்பது நமது அபிப்பிராயம். இது நாம் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1957-இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலிக்கு இலக்கணம் வகுத்தபோது, உணவு, துணி, வீட்டு வாடகை ஆகிய யாவும் ஒருவர் கூலியிலேயே அடங்க வேண்டும் என்றும், மனைவி மக்களின் சம்பாத்தியத்தைக் கணக்கில் எடுக்கலாகாது என்றும் முடிவு செய்தது. மாதர் சம்பாதிப்பதை அந்த மாநாடு பொருட்படுத்தவில்லையே என்று இன்று குறை கூறலாம். குடும்பத்தின் மூச்சு இரண்டு கூலியையும் நம்பியிருக்கலாகாது என்ற எச்சரிக்கையை மட்டும் தள்ளிவிடுவதற்கில்லை.

இடுக்கியின் தேயிலை மலைகளுக்குப் போனால் கேள்வியே தலைகீழாகிவிடுகிறது. மூணாறு, பீருமேடு வட்டாரங்களின் எஸ்டேட்டுகளில் கணவனும் மனைவியும் உழைக்கிறார்கள். வாடகையோ ஒரு பைசாவும் இல்லை. தொழிலாளிக்கு வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதன்படி கிடைத்ததுதான் லயத்து வீடு, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய எஸ்டேட் குடியிருப்பு. வாடகையே இல்லாதவர்களுக்கு இந்தத் தலையங்கம் எதற்கு என்று கேட்கலாம். அவர்களுக்குத்தான் இது முக்கியமாக வேண்டும். ஏனெனில் அந்த வீடு மனிதருக்குக் கொடுத்த வீடன்று, செக்ரோல் என்னும் தொழிலாளர் பதிவேட்டில் உள்ள பேருக்குக் கொடுத்த வீடு. ஓய்வு பெற்றுப் பேர் நீங்கினால் வீடும் நீங்குகிறது. வீட்டைக் காப்பாற்ற வேண்டுமானால், படித்துக் கீழே இறங்கிப் போயிருக்கக்கூடிய மகனோ, கலியாணமாகி வந்த மருமகளோ பெர்மனென்ட் தொழிலாளியாகப் பேர் கொடுக்க வேண்டும். ஒரு தலைமுறையின் கூரைக்கு அடுத்த தலைமுறை தன் ஆயுளைக் கொடுப்பது வாடகையல்லாமல் வேறென்ன?

2015 செப்டம்பரில் மூணாற்றுச் சாலையை மறித்து உட்கார்ந்த எஸ்டேட் பெண்கள், எந்தத் தொழிற்சங்கத் தலைவரையும் முன்னே நிறுத்தாமல், ‘பொம்பிளை ஒருமை’ என்ற பேரில் போனஸுக்கும் கூலிக்கும் போராடினார்கள். அப்போது நாட்கூலி 232 ரூபாய், கேட்டது 500, முடிவில் கிடைத்தது 301. அந்த 301 ரூபாயில் 30 வருஷ சேவையோடு ஒருவர் ஓய்வு பெற்றிருந்தால், வருஷத்துக்கு 15 நாள் கூலி என்ற சட்டக் கணக்கின்படி அவருக்குச் சேரும் கிராஜுவிட்டி 1,35,450 ரூபாய். வருங்கால வைப்பு நிதியையும் அதோடு சேர்த்தாலும், மலையில் அதைக்கொண்டு மனை வாங்குவது சுலபமல்ல. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கண்ணன் தேவன் மலைநிலம் அரசின் வசமான பிறகு, சுற்றிலும் இருப்பவை எஸ்டேட் கம்பெனியிடம் விடப்பட்ட தேயிலைக் காடும் அரசு நிலமும் வனமும்தான். போடிக்கோ கயத்தாற்றுக்கோ திரும்பலாம் என்றால், பாட்டனார் விட்டு வந்த ஊரில் பேரனுக்கு யாரைத் தெரியும்? மூணாறு வட்டாரத்துப் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மலை சரிந்து லயங்களை மூடியதில் எழுபது பேர் போனார்கள். தப்பிய எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் அரசு நிலம் கொடுத்தது, கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது. சொந்த வீடு அவர்களுக்கு இப்படி வர வேண்டியிருந்ததே என்று மனம் குமுறுகிறது.

ஆகவே, லயத்தில் குடியிருக்கும் தம்பதிகள் தங்களுக்குத் தாங்களே வாடகை கட்ட வேண்டும் என்போம். அடிமாலியிலோ போடியிலோ அதே அளவு வீட்டுக்கு என்ன வாடகையோ, அதில் பாதியையாவது மாதந்தோறும் இருவர் பேரிலும் போட்டு வைக்கட்டும். அரிசியும் பள்ளிக்கூடச் செலவும் போக மிச்சமேது என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் தொழிலாளிகளல்லர். லயத்து வீட்டுக்கு இன்ன மதிப்பு என்று சம்பளச் சீட்டில் ஒரு வரியாக அச்சிட்டு, ஓய்வு நாளில் மனை வாங்க உதவும் நிதியாக அந்தத் தொகைக்கு ஈடாக முதலாளியும் ஒரு பங்கு செலுத்த வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் கேட்கட்டும். கூலியோடு இதையும் மேஜைமீது வைக்காத சங்கத்துக்கு, மாதச் சந்தா எதற்கு என்று கேட்கும் உரிமை அந்தப் பெண்களுக்கு உண்டு. 2015-இல் அதை அவர்கள் கேட்டும் காட்டினார்கள்.