கிரஹாமின் சல்லடை

1926-இல் அமெரிக்க முதலீட்டாளர் பெஞ்சமின் கிரஹாம் வாஷிங்டனுக்குப் போனார். ரயில்வேயையும் எண்ணெய்க் குழாய்களையும் மேற்பார்வையிட்ட அரசு ஆணையத்தில், பங்குத் தரகர்கள் யாரும் சீண்டாத கணக்கு அறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். நார்தர்ன் பைப்லைன் என்ற சிறு நிறுவனத்தின் பங்கு அப்போது 65 டாலர். ஆனால் அது ரயில்வே பத்திரங்களாகவும் பிற வகையிலும் வைத்திருந்த, உடனே காசாக்கக்கூடிய சொத்து பங்குக்கு 95 டாலர். குழாய்த் தொழில் இலவச இணைப்பு! நிர்வாகம் முதலில் அவரை மதிக்கவில்லை. மற்றப் பங்குதாரர்களைத் திரட்டி 1928-இல் இயக்குநர் குழுவுக்குள் நுழைந்தார். அந்தச் சொத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பங்குக்கு 70 டாலர் கையில் வந்தது.

இன்று கைப்பேசியில் பி.இ. விகிதம் (விலை லாபத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது), கடன், டிவிடெண்ட் என்று நாலு எண்களைத் தட்டினால் ஆயிரக்கணக்கான பங்குகள் நாற்பதாகச் சுருங்கிவிடுகின்றன. இந்தச் சல்லடையின் பூர்வீகத்தைத் தேடினால் கிரஹாமிடம்தான் போய் நிற்க வேண்டும். அது எந்தப் பயத்தில் பிறந்தது என்பதுதான் மறந்துபோயிற்று.

1929 செப்டம்பரில் 381-ஐத் தொட்ட அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு, 1932 ஜூலையில் 41-க்கு விழுந்தது. கிரஹாம் நிர்வகித்த முதலீட்டு நிதியிலேயே சுமார் 70 சதவீதம் கரைந்தது. டேவிட் டாடுடன் அவர் பங்கு ஆய்வு நூலை எழுதியது 1934-இல். சாதாரண முதலீட்டாளருக்கான நூல் 1949-இல். அதன் பிற்காலப் பதிப்பில் உள்ள நிபந்தனைகளைப் படித்தால் சூடுபட்டவரின் குரல் கேட்கிறது. நடப்புச் சொத்து, நடப்புக் கடன்களைப்போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். 10 ஆண்டுகளில் ஒரு வருஷம்கூட நஷ்டம் கூடாது. 20 ஆண்டுகள் விடாமல் டிவிடெண்ட் கொடுத்திருக்க வேண்டும். விலை, கடைசி 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 15 மடங்குக்குள்ளும் புத்தக மதிப்பில் ஒன்றரை மடங்குக்குள்ளும் இருக்க வேண்டும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் பரவாயில்லை, இரண்டின் பெருக்குத்தொகை 22.5-ஐத் தாண்டாதவரை. அந்த 'சராசரி'யைக் கவனியுங்கள். ஒரே ஒரு நல்ல வருஷத்தைக் காட்டி விலையை ஏற்றிய காலத்தை அவர் கண்ணால் பார்த்தவர்.

ஆக, இவை எதை வாங்கக் கூடாது என்று சொல்லும் விதிகள். எதை வாங்கலாம் என்ற கேள்விக்கு இவற்றிடம் பாதிப் பதில்கூடக் கிடையாது. வங்கிப் பங்குகளையே பாருங்கள். கடன் வாங்கிக் கடன் கொடுப்பதே தொழிலாக இருக்கும் இடத்தில், கடன் விகிதத்தை வைத்துச் சலித்தால் நல்ல வங்கியும் கெட்ட வங்கியும் சேர்ந்தே வெளியே போகும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

கிரஹாமுக்கும் சல்லடை சோறு போட்டது. விருந்து வேறு எங்கிருந்தோ வந்தது. 1948-இல் அவருடைய நிறுவனம் கெய்க்கோ என்ற வாகனக் காப்பீட்டு நிறுவனத்தில் பாதியை, ஏறத்தாழ 7 லட்சம் டாலருக்கு வாங்கியது. விலை தம் அளவுகோல்களை மீறி எங்கோ போன பிறகும் கிரஹாம் அதைக் கைவிடவில்லை. மற்ற எல்லா முதலீடுகளின் லாபத்தையும் கூட்டினாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகவில்லை என்று பின்னர் அவரே எழுதிவைத்தார்.

எண்களைச் சலிப்பவர், அந்த எண்கள் உண்மை என்று நம்பித்தான் சலிக்கிறார். கிரஹாம் காலத்தில் தகவல் கிடைப்பது அரிது. இப்போது அது கொட்டிக் கிடக்கிறது, பொய்யும் கூடவே வருகிறது. ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனம் கடன் அதிகமில்லாத, கையில் ரொக்கம் நிறைந்த நிறுவனமாகவே ஏட்டில் தெரிந்தது. வங்கியில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதினார். ஏட்டு எண்களை மட்டும் பார்க்கும் சல்லடைக்கு அந்தப் பொய் சிக்கியிருக்காது.

கிரஹாம் இறந்தது 1976-இல். அந்த ஆண்டின் பேட்டிகளில், ஒவ்வொரு நிறுவனத்தையும் குடைந்து ஆராய்வதில் தமக்கு இருந்த நம்பிக்கை போய்விட்டது என்றார், ஆய்வையே தொழிலாகச் சொல்லிக்கொடுத்த மனிதர்! மலிவு, குறைந்த கடன் என ஓரிரண்டு எளிய நிபந்தனைகள் போதும். ஆனால் தேறியவற்றில் 30 பங்குகளாவது சேர்த்து வாங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. முப்பதில் சமமாகப் பிரித்துப் போட்டவரிடம் ஒரு சத்யம் புகுந்து மொத்தமாகவே மூழ்கினாலும், போவது நூற்றுக்கு மூன்று ரூபாய் சொச்சம்.