லீவு நாளில் கூட்டம் கம்மி, ஸ்கூல் நாளில் அதிகம்... டிஸ்னி வேர்ல்டில் ‘சீசன்’ கணக்கு மாறியது ஏன்?

ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். ஸ்கூலுக்குக் கோடை லீவு, ஆபீஸுக்கும் லீவு. காணும் பொங்கல் அன்று மெரினா எப்படி இருக்குமோ, அன்றைக்கு ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டும் அப்படித்தான் இருக்கும் என்று யாராக இருந்தாலும் நினைப்பார்கள்.

ஆனால் 2023-ல் நடந்ததே வேறு. ரைடுகளில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று தினமும் கணக்கெடுக்கும் டூரிங் பிளான்ஸ் நிறுவனத்தின் தரவுப்படி, அந்த ஜூலை 4 விடுமுறையை ஒட்டி மேஜிக் கிங்டம் பார்க்கில் சராசரி காத்திருப்பு நேரம் 27 நிமிடம். 2019-ல் இதே சமயத்தில் 47 நிமிடம்!

இன்னொரு பக்கம், ஒரு காலத்தில் ‘ஆஃப் சீசன்’ என்று சொல்லப்பட்ட அக்டோபர் மாதத்திலும் நவம்பர் முதல் வாரத்திலும் இப்போது நல்ல கூட்டம்.

அப்போ சீசன் என்பதே போய்விட்டதா? போகவில்லை. ஆனால் சீசனை முடிவு செய்வது ஸ்கூல் காலண்டரும் வானிலையும் மட்டும்தான் என்ற நிலை மாறி, பார்க் நிர்வாகமும் அதில் கை வைத்திருக்கிறது. இதில் யாருக்கு லாபம், யார் பர்ஸ் காலியாகிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் காரணம்: ஸ்கூல் மணி

தீம் பார்க்குக்குப் பெரும்பாலும் குடும்பமாகத்தான் போகிறார்கள். குடும்பம் கிளம்ப வேண்டுமென்றால் பிள்ளைகளுக்கு லீவு வேண்டும். அதனால் கூட்டத்தின் அடிப்படைக் கணக்கு ஸ்கூல் காலண்டரில்தான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் நாடு முழுக்க ஒரே பள்ளி நாட்காட்டி கிடையாது. ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தனித்தனியாக முடிவு செய்கிறது. ஃபுளோரிடா உள்ளிட்ட தென் மாநிலங்களில் பல பள்ளிகள் ஆகஸ்ட் முதல் பாதியிலேயே திறந்துவிடும். நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற வடக்கு மாநிலங்களில் பெரும்பாலும் செப்டம்பர் முதல் திங்கள்கிழமை வரும் ‘லேபர் டே’ முடிந்த பிறகுதான். அதனால் ஆகஸ்ட் பாதியிலிருந்தே டிஸ்னியில் கூட்டம் படிப்படியாகக் குறைந்து, செப்டம்பரில் ரொம்பவே இறங்கிவிடும்.

நவம்பர் முதல் வாரத்தில் திடீரென்று கூட்டம் ஏறும். காரணம் என்ன தெரியுமா? நியூ ஜெர்சி ஆசிரியர் சங்கத்தின் மாநாடு! அந்த வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அந்த மாநிலத்தில் பள்ளிகளுக்கு லீவு. வாரக்கடைசியையும் சேர்த்துக்கொண்டு குடும்பத்தோடு விமானம் ஏறிவிடுகிறார்கள். டிஸ்னி ரசிகர்கள் இதற்கு ‘ஜெர்சி வீக்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஈஸ்டரும் இப்படித்தான். 2024-ல் மார்ச் 31, 2025-ல் ஏப்ரல் 20 என்று தேதி நகர்ந்துகொண்டே இருக்கும். அதையொட்டி வரும் வசந்தகால லீவுக் கூட்டமும் கூடவே நகரும். போன வருஷம் காலியாக இருந்த வாரத்தில் இந்த வருஷம் கால் வைக்க இடமில்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்கூல் திறக்கும் தேதிக்கும் தீம் பார்க் வருமானத்துக்கும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு வர்ஜீனியா மாநிலம் நல்ல உதாரணம். லேபர் டேவுக்கு முன்னால் பள்ளிகளைத் திறக்கக் கூடாது என்று அங்கே 1986-ல் ஒரு சட்டம் வந்தது. சுற்றுலாத் துறைக்கு அது அவ்வளவு சாதகமாக இருந்ததால், அங்குள்ள ஒரு தீம் பார்க்கின் பெயரையே வைத்து ‘கிங்ஸ் டொமினியன் சட்டம்’ என்று மக்கள் அழைத்தார்கள். 2019-ல்தான் அது தளர்த்தப்பட்டது. லேபர் டேவுக்கு 2 வாரம் முன்பே பள்ளியைத் திறக்கலாம், ஆனால் லேபர் டேவை ஒட்டி 4 நாள் லீவு விட வேண்டும் என்று மாற்றினார்கள்.

இரண்டாவது காரணம்: வெயிலும் புயலும்

ஃபுளோரிடாவின் ஓர்லாண்டோ பகுதியில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் வெப்பம் சராசரியாக 33 டிகிரி செல்சியஸ். நமக்கு இது சாதாரணம் என்று தோன்றலாம். ஆனால் அங்கே வியர்வை காயாத புழுக்கம், மதியமானால் இடி மின்னலோடு மழை. இடி இடித்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள்.

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அட்லாண்டிக் புயல் காலம். 2024 அக்டோபரில் வந்த மில்டன் புயலால் டிஸ்னி வேர்ல்ட் பார்க்குகளையே மூட வேண்டியிருந்தது. தேதியை மாற்ற முடிந்தவர்கள் கோடையைத் தவிர்த்து, குளிர்காலத்துக்கும் வசந்தகாலத்துக்கும் தள்ளிப்போடுவதில் ஆச்சரியமில்லை.

மூன்றாவது காரணம்: பார்க்கே உருவாக்கும் திருவிழா

இங்கேதான் கதை மாறுகிறது. கூட்டம் வராத மாதத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல், அந்த மாதத்துக்கு ஒரு திருவிழாவை உருவாக்கினால் என்ன?

டிஸ்னியின் எப்காட் பார்க்கில் உணவுத் திருவிழா 1990-களின் நடுவில் தொடங்கியபோது சுமார் ஒரு மாதம்தான் நடந்தது. இப்போது ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் வரை போகிறது. வசந்தகாலத்தில் மலர்த் திருவிழா. ஆண்டுக் கடைசியில் பண்டிகைத் திருவிழா. மிச்சமிருந்த ஜனவரி, பிப்ரவரிக்கு 2017 முதல் கலைத் திருவிழா. ஆக, வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அங்கே ஏதாவது ஒரு விழா!

மேஜிக் கிங்டம் பார்க்கின் ஹாலோவீன் பார்ட்டி இன்னும் சுவாரசியம். 1995-ல் அக்டோபர் 31 அன்று ஒரே ஒரு இரவு மட்டும் நடந்தது. 2024-ல் அது ஆகஸ்ட் 9-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. இதற்குத் தனி டிக்கெட். பார்ட்டி நாட்களில் சாதாரண டிக்கெட்காரர்களை மாலை 6 மணிக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இதனால் விவரம் தெரிந்தவர்கள் பார்ட்டி நாட்களைத் தவிர்க்கிறார்கள். அந்த நாட்களில் பகலில் கூட்டம் குறைகிறது, பார்ட்டி இல்லாத நாட்களில் ஏறுகிறது. ஒரே வாரத்துக்குள்ளேயே சீசன், ஆஃப் சீசன் இரண்டும் வந்துவிடுகிறது.

நான்காவது காரணம்: தேதிக்கு ஒரு விலை

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஆம்னி பஸ் டிக்கெட் விலை என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அதே கணக்கு தீம் பார்க்குக்கும் வந்துவிட்டது.

2016 பிப்ரவரியில் டிஸ்னி தன் ஒரு நாள் டிக்கெட்டை மூன்று வகையாகப் பிரித்தது. மேஜிக் கிங்டம் பார்க்குக்குக் கூட்டம் குறைந்த நாளில் 105 டாலர், சாதாரண நாளில் 110, உச்ச நாளில் 124. 2018 அக்டோபரில் அடுத்த கட்டமாக ஒவ்வொரு தேதிக்கும் தனி விலை வந்தது. 2022 டிசம்பரில் பார்க்குக்கு பார்க்கும் விலை மாறியது. மேஜிக் கிங்டம் டிக்கெட் 124 டாலரில் தொடங்கி 189 டாலர் வரை போனது. அதாவது, 2016-ல் உச்ச விலையாக இருந்த அதே 124 டாலர், 2022-ல் ஆரம்ப விலை ஆகிவிட்டது.

ஒரு குடும்பத்தில் 10 வயது தாண்டிய நாலு பேர் என்று வைத்துக்கொள்வோம். 2022 விலைப்படி மலிவான நாளில் 496 டாலர். கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயத்தில் 756 டாலர். அதே பார்க், அதே ரைடு, 260 டாலர் வித்தியாசம். பிளைட், ஹோட்டல் செலவெல்லாம் இதில் சேரவில்லை.

இதன் நோக்கம் வெறும் வசூல் மட்டுமில்லை. உச்ச நாளில் வரும் கூட்டத்தில் ஒரு பகுதியை மந்தமான நாளுக்குத் தள்ளிவிடுவதும்தான். 2023 ஜூலையில் கூட்டம் குறைந்ததற்கும் வெயில், ஏறிய செலவு, கொரோனாவுக்குப் பிறகு ‘விட்டதைப் பிடிக்க’ கிளம்பியவர்களின் அலை ஓய்ந்தது என்று பல காரணங்கள் சேர்த்தே சொல்லப்பட்டன.

கூட்டம் குறைந்தும் க்யூ ஏன் குறையவில்லை?

ஆஃப் சீசனில் போனவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. “ஆளே இல்ல, ஆனா ரைடுக்கு அரை மணி நேரம் நிக்கணும்... அதெப்படி?”

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ரைடு மணிக்கு 2,000 பேரை ஏற்றுகிறது, வரிசையில் 1,000 பேர் நிற்கிறார்கள் என்றால் காத்திருப்பு அரை மணி நேரம். ஆஃப் சீசனில் வரிசையில் 500 பேர்தான். ஆனால் நிர்வாகம் செலவைக் குறைக்கப் பாதி பெட்டிகளை மட்டும் ஓட்டினால், மணிக்கு 1,000 பேர்தான் ஏற முடியும். அப்போதும் அதே அரை மணி நேரம்!

பார்க் நேரத்தைக் குறைப்பது, ஆட்களைக் குறைப்பது, பெரிய ரைடுகளைப் பராமரிப்புக்காக மூடுவது எல்லாமே மந்தமான மாதங்களில்தான் நடக்கும். அதனால் எத்தனை பேர் வந்தார்கள் என்பது ஒரு கணக்கு, எவ்வளவு நேரம் நின்றோம் என்பது வேறு கணக்கு.

கூடுதல் காசு கட்டினால் வேறு வரிசையில் சீக்கிரம் போகலாம் என்ற வசதியும் இருக்கிறது. டிஸ்னியில் 1999 முதல் இலவசமாக இருந்த ‘ஃபாஸ்ட்பாஸ்’ போய், 2021 அக்டோபர் முதல் ஃபுளோரிடாவில் அது கட்டணச் சேவை ஆகிவிட்டது. பணம் கட்டியவர் முன்னால் போகும்போது, கட்டாதவரின் வரிசை மெதுவாகத்தானே நகரும்?

சரி, யாருக்கு நஷ்டம்?

வருஷம் முழுக்கக் கூட்டம் சீராக இருந்தால் பார்க்குக்கு நல்லது. ரைடும் ஹோட்டலும் சும்மா கிடக்காது. தொழிலாளர்களுக்கும் ஒரு மாதம் ஓயாத வேலை, அடுத்த மாதம் வேலையே இல்லை என்ற நிலை குறையும். பார்வையாளர்களிலும் ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் இல்லாத தம்பதிகள், பக்கத்திலேயே வசிப்பவர்களுக்கு லாபம்தான். செப்டம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர்களால் கிளம்ப முடியும்.

ஸ்கூல் போகும் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பத்தால் அது முடியாது. மலிவான தேதி இருக்கிறது, ஆனால் அந்தத் தேதியில் பையனுக்குப் பரீட்சை. அம்மாவோ அப்பாவோ ஆசிரியராக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். யாருக்காகத் தீம் பார்க் கட்டப்பட்டதோ, அந்தக் குழந்தைகள் உள்ள வீடுகள்தான் அதிக விலை நாளில் மாட்டிக்கொள்கின்றன.

இந்தச் சிக்கல் தீம் பார்க்கோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் லீவு நாட்களில் டூர் செலவு எகிறுவதால், பள்ளி நடக்கும்போதே பிள்ளைகளை அழைத்துப் போகும் பெற்றோர் பலர். அதற்கான அபராதம் 60 பவுண்டாக இருந்தது, 2024 ஆகஸ்டில் 80 பவுண்டாக உயர்த்தப்பட்டது. அப்படியும், மிச்சமாகும் பணத்தோடு ஒப்பிட்டு அபராதமே பரவாயில்லை என்று கணக்குப் போடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

நம்ம ஊரில் எப்படி?

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. பெரும்பாலான பள்ளிகளுக்குக் கோடை லீவு கிட்டத்தட்ட ஒரே சமயம். மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் கிளம்புவதால், கூட்டம் சில வாரங்களுக்குள் அடைபடுகிறது. ஏப்ரல், மே வெயிலில் தண்ணீர் விளையாட்டுகளுக்குத்தான் முதல் இடம். 2023-ல் வெயிலால் பள்ளி திறப்பு ஜூன் 12-க்கும், 2024-ல் ஜூன் 10-க்கும் தள்ளிப்போனது. லீவு நீண்டால் சீசனும் கூடவே நீளும்.

மழைக் கணக்கும் ஊருக்கு ஊர் மாறும். சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதாவது ஆயுத பூஜை, தீபாவளி, அரையாண்டு லீவு எல்லாம் மழை பயத்தோடுதான் வரும். கேரளாவுக்குத் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் தொடங்கும். 2025-ல் மே 24-ஆம் தேதியே வந்துவிட்டது. அங்கே கோடை லீவின் கடைசி வாரம் மழையிலேயே போனது.

விலை விஷயத்திலும் மாற்றம் தொடங்கிவிட்டது. வார நாளுக்கு ஒரு விலை, வாரக்கடைசிக்கும் பண்டிகைக்கும் ஒரு விலை, வரிசையைத் தாண்ட தனி டிக்கெட் என்பதெல்லாம் இந்தியாவின் பெரிய பார்க்குகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு விலை என்பது இங்கேயும் வந்தால், அதன் சுமை அமெரிக்காவை விட இங்கே அதிகமாக இருக்கும். காரணம், நம் குடும்பங்களுக்குத் தேதியை மாற்றும் வாய்ப்பு அங்கே உள்ளவர்களை விடக் குறைவு.

டிக்கெட் போடும் முன் பார்க்க வேண்டியவை

- லீவு காலத்திலும் செவ்வாய் முதல் வியாழன் வரை பாருங்கள். வாரக்கடைசியோடு ஒப்பிட்டால் கூட்டமும் விலையும் குறைய வாய்ப்பு அதிகம்.
- பார்க் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் ஏறும் ரைடுகளுக்கு மதியம் இரண்டு மடங்கு நிற்க வேண்டியிருக்கும்.
- ‘ஆஃப் சீசன் ஆஃபர்’ என்றால், எந்தெந்த ரைடுகள் மூடியிருக்கின்றன, எத்தனை மணிக்குப் பார்க் மூடுகிறது என்று முதலில் கேளுங்கள்.
- வரி, சாப்பாடு, லாக்கர், தண்ணீர் விளையாட்டு உடை எல்லாம் சேர்த்து மொத்தச் செலவைப் போட்டுப் பாருங்கள். டிக்கெட் தள்ளுபடி அதிலேயே கரைந்துவிடலாம்.

இதெல்லாம் பார்த்த பிறகு வீட்டில் ஸ்கூல் டைரியை எடுத்து அந்தத் தேதியையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஆஃபர் நாளும் லீவு நாளும் ஒன்றாக வந்தால் யோசிக்காமல் டிக்கெட் போடலாம். ஏனென்றால், அது அடிக்கடி வராது!